திசை சொல்லும் திசைச்சொற்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு விழாவில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் இலக்கிய வட்டத்தின் மேடையில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய பொழிவு எதற்கு என்னும் ஐயம் அவையோர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. எடுத்துக்கொண்ட பொருளும் மிகச் சிறியது. ஒரே ஓர் எழுத்தைப் பற்றியது. ஆயினும் அவ்வோர் எழுத்தின் வரலாற்றைத் தேடிச் செல்வோர், எது சரி, எது பிழை, எது வட்டார வழக்கு என்னும் பெரிய வினாவின் முன் வந்து நிற்பர். அவ்வினா தமிழுக்கும் உரியது. தொல்காப்பியர் காலந்தொட்டே தமிழறிஞர் எண்ணிப் பார்த்தது.

கற்பனையாக ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளலாம். 'அவள் ஆற்றை நோக்கி நடந்தாள்' என்னும் தொடரை ஆங்கிலத்தில் எழுதுமாறு ஆசிரியர் பணிக்கிறார். 'நோக்கி' என்பதற்கு ஒரு மாணவி 'டுவர்ட்ஸ்' என்று எழுதுகிறாள். அடுத்து அமர்ந்திருப்பவள் 'டுவர்ட்' என்று எழுதுகிறாள். முன்னவள் விடை சரியென ஏற்கப்படுகிறது. பின்னவள் விடையில் சிவப்பு மை 'எஸ்' என்னும் எழுத்தைச் சேர்த்து அரை மதிப்பெண்ணைக் குறைக்கிறது. அவளோ அமெரிக்காவில் அச்சான கதைநூல் ஒன்றில் அச்சொல்லைப் படித்து, மனத்தில் நிறுத்தி, எழுதியவள். அச்சில் கண்டது எவ்வாறு பிழையாகும் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. ஆங்கிலம் தனக்கு வாராது என்னும் எண்ணத்தோடு அவள் தாளை மடித்து வைத்துவிடுகிறாள். அவளுக்கு வழங்கப்பட்ட தீர்ப்பு நேர்மையானதுதானா என்பதே இப்பொழிவின் வினா.

முதலில் வழக்கு எவ்வாறு உள்ளது என்பதைக் காண்போர்க்குச் செய்தி தெளிவாகவே கிடைக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலோர் எழுதுவது 'டுவர்ட்ஸ்'. ஆஸ்திரேலியாவிலும் அதுவே மிகுதி. பிரித்தானியர் வழியாக ஆங்கிலக் கல்வியைப் பெற்ற இந்தியாவிலும் அதுவே பள்ளி வழக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'டுவர்ட்' என்பதே மிகுதியாக எழுதப்படுகிறது. கனடாவில் இரண்டும் கலந்து வழங்கும். அமெரிக்கச் செய்தித்தாள்கள் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு 'எஸ்' இல்லாத வடிவத்தையே எழுதச் சொல்கிறது. பதிப்பகத்தார் பயன்படுத்தும் சிகாகோ நடைக் கையேடு, 'எஸ்' இல்லாதது அமெரிக்காவில் விரும்பப்படுவது, 'எஸ்' உள்ளது பிரித்தானியாவில் விரும்பப்படுவது என்று இரு வழக்கையும் பிரித்துக் காட்டுகிறது. விருப்பம் என்றே அது சொல்கிறது. பிழை என்று சொல்லவில்லை. அமெரிக்கர் சிலர் 'எஸ்' சேர்த்து எழுதுவதும், ஆங்கிலேயர் சிலர் அதனை விட்டு எழுதுவதும் இன்றும் காணக்கூடியனவே.

இச்சொல் தனித்து நிற்பதன்று. முன்னோக்கி என்னும் பொருளுடைய ஃபார்வர்ட், பின்னோக்கி என்னும் பொருளுடைய பேக்வர்ட், மேல்நோக்கி என்னும் பொருளுடைய அப்வர்ட், கீழ்நோக்கி என்னும் பொருளுடைய டவுன்வர்ட், பின்னர் என்று காலத்தைக் குறிக்கும் ஆஃப்டர்வர்ட் ஆகிய அனைத்தும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை அனைத்தும் 'எஸ்' பெற்றும் பெறாமலும் வழங்குவன. ஆயினும் ஓர் ஒழுங்கு உண்டு. இச்சொற்கள் பெயருக்கு அடையாக வரும்போது எந்த நாட்டிலும் 'எஸ்' சேர்வதில்லை. தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் வழங்கும் 'பேக்வர்ட்' என்னும் சொல்லே இதற்குச் சான்று. பிற்படுத்தப்பட்ட வகுப்பினரைக் குறிக்கும் அத்தொடரில் 'பேக்வர்ட்' என்பது அடை. ஆதலின் அதற்கு 'எஸ்' இல்லை. வினைக்கு அடையாக வரும்போதே வேறுபாடு தலைகாட்டுகிறது. வந்த செய்தியைப் பிறர்க்கு அனுப்புதலைக் குறித்துக் கைப்பேசிக் காலத்தில் எல்லாரும் சொல்லும் 'ஃபார்வர்ட்' வினைச்சொல். அவ்வாறு வரும் செய்திகளை 'ஃபார்வர்ட்ஸ்' என்னும்போது ஈற்றில் ஒலிக்கும் 'எஸ்' பன்மையைக் குறிப்பது. திசையைக் குறிக்கும் 'ஃபார்வர்ட்ஸ்' என்னும் சொல்லில் உள்ள 'எஸ்' பன்மை அன்று. அது வேறொன்று.

அந்த வேறொன்று எது என்பதிலேதான் இச்சொற்களின் வரலாறு அடங்கியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபுகளை ஏற்றன. அவற்றுள் 'எஸ்' என்று முடிவது உடைமைப் பொருளைத் தரும் வேற்றுமை. தமிழில் ஆறாம் வேற்றுமைக்கு ஒப்பானது. அவ்வுருபு சில சொற்களோடு சேர்ந்து அவற்றை வினையடை ஆக்கும் பணியையும் செய்தது. பிற்காலத்தில் வேற்றுமை அமைப்புப் பெரும்பாலும் சிதைந்து மறைந்தது. ஆனால் வினையடைகளில் ஒட்டிக்கொண்ட 'எஸ்' மட்டும் நின்றுவிட்டது. எப்போதும் என்னும் பொருளுடைய 'ஆல்வேஸ்', இக்காலத்தில் என்னும் பொருளுடைய 'நவடேஸ்', அன்றியும் என்னும் பொருளுடைய 'பிசைட்ஸ்' ஆகியவற்றின் இறுதியில் ஒலிப்பது அதுவே. ஒருமுறை, இருமுறை என்பவற்றைக் குறிக்கும் 'ஒன்ஸ்', 'ட்வைஸ்' என்பவற்றின் ஈறும் அதுவே. எழுத்துமுறை மாறியதால் அடையாளம் தெரியாமல் போயிற்று. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனிலும் இரவில், காலையில் என்னும் பொருளுடைய சொற்களிலும், முன்னோக்கி, பின்னோக்கி என்னும் பொருளுடைய சொற்களிலும் இதே ஈறு நிற்கிறது.

ஆகவே 'டுவர்ட்' என்பதும் 'டுவர்ட்ஸ்' என்பதும் மூலமும் சிதைவும் அல்ல. பழைய ஆங்கிலத்திலேயே இரு வடிவங்களும் உடன்பிறந்தாராக இருந்தன. 'எஸ்' இல்லாத வடிவம் அமெரிக்கர் சோம்பலால் எழுத்தைத் தின்றதன் விளைவு என்று சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. 'எஸ்' உள்ள வடிவம் தேவையற்ற வாலைச் சேர்த்தது என்று சொல்வதும் அவ்வாறே ஒவ்வாது. இரண்டும் ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயதுடையவை.

அக்காலத்தில் இச்சொல்லுக்கு 'வரவிருக்கின்ற' என்னும் பொருளும் இருந்தது என்பது தமிழர்க்குச் சுவையான செய்தி. முன்னே நிற்பதைக் குறிக்கும் 'எதிர்' என்னும் சொல்லைக் கொண்டே தமிழும் வருங்காலத்தை எதிர்காலம் என்கிறது. பிற்காலத்தில் 'டுவர்ட்' என்பது இணக்கமான, நன்மை தரும் குறியுடைய என்னும் பொருளையும் பெற்றது. அப்பொருள் இன்று மறைந்தாலும் அதன் எதிர்மறை மறையவில்லை. திருவிழாக் கூட்டம் அமைதியாகக் கலைந்தது, 'அன்டுவர்ட்' நிகழ்ச்சி ஏதும் இல்லை என்று இந்திய ஆங்கில நாளிதழ்கள் எழுதும். தமிழ் நாளிதழ்கள் அதனை 'அசம்பாவிதம்' என்று எழுதும். அச்சொல்லுக்கு எந்த நாட்டிலும் 'எஸ்' சேர்வதில்லை. அது அடையாகவே நின்றுவிட்டது.

இச்சொற்களின் பின்பகுதியாகிய 'வர்ட்' என்பதன் வேர் இன்னும் தொலைவில் இருக்கிறது. திரும்புதல் என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து அது வந்தது. ஒரு பக்கமாகத் திரும்பியிருத்தல் என்பதே அதன் முதற்பொருள். அதே மூலத்திலிருந்து இலத்தீன் மொழியில் 'வெர்தெரே' என்னும் வினையும், வடமொழியில் 'வ்ருத்' என்னும் வினைவேரும் தோன்றின. ஏர் சாலின் முடிவில் திரும்புதலைக் குறித்த இலத்தீன் சொல், எழுத்தின் வரியையும் குறித்து, ஆங்கிலத்தில் செய்யுளைக் குறிக்கும் 'வெர்ஸ்' ஆயிற்று. வடமொழி வேர் சக்கரவர்த்தி என்னும் சொல்லில் இருக்கிறது; தாளத்தின் ஒரு சுற்றைக் குறிக்கும் ஆவர்த்தனத்தில் இருக்கிறது; கம்பர் கையாண்டு பெருமை சேர்த்த விருத்தம் என்னும் பாவினத்தின் பெயரிலும் இருக்கிறது. ஆங்கிலேயன் ஆற்றை நோக்கி நடப்பதற்குச் சொல்லும் சொல்லும், தமிழ்ப் புலவர் தம் செய்யுளுக்குக் கடன்பெற்று இட்ட பெயரும் ஒரு வேரின் இரு கிளைகள். ஓர் எழுத்தைப் பிழையென்று அடிப்பதற்கு முன் சற்றே நின்று பார்த்தால் இத்துணைத் தொலைவு தெரிகிறது.

இனி, உடன்பிறந்த இரு வடிவங்களும் எவ்வாறு இரு நாடுகளுக்கு உரியன ஆயின என்பது வினா. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து சென்று குடியேறியோர் இரண்டையும் எடுத்துச் சென்றனர். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலிய மொழிபெயர்ப்பில் 'டுவர்ட்' என்பதே பெருவழக்கு. அந்நூலில் இச்சொல்லை இரண்டாகப் பிளந்து, 'டு' என்பதற்கும் 'வர்ட்' என்பதற்கும் இடையே ஆளைக் குறிக்கும் சொல்லை வைக்கும் பழைய முறையும் உண்டு. ஆகவே 'எஸ்' இல்லாத வடிவம் அமெரிக்காவில் பிறந்தது அன்று. இங்கிலாந்தின் திருமறையிலேயே இருந்தது. கடலின் இரு கரையிலும் இரு வடிவங்களும் நெடுங்காலம் கலந்தே வழங்கின. பின்னர் இங்கிலாந்தில் 'எஸ்' உள்ள வடிவமும் அமெரிக்காவில் 'எஸ்' இல்லாத வடிவமும் மெல்ல மெல்ல மேலோங்கின. அச்சுக்கூடங்களும் பள்ளிகளும் நடைக் கையேடுகளும் அதனை உறுதிப்படுத்தின.

அமெரிக்கர் எழுத்தைக் குறைப்பவர், ஆங்கிலேயர் எழுத்தைக் காப்பவர் என்று பொதுவிதி வகுப்போரும் உண்டு. நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதியால் நிலைபெற்ற சுருங்கிய எழுத்துமுறையை அவர்கள் சான்று காட்டுவர். ஆனால் திசையையும் தொலைவையும் குறிக்கும் வேறொரு சொல்லில் செய்தி தலைகீழாக இருக்கிறது. நெடுந்தொலைவு என்பதற்கு ஆங்கிலேயர் 'எ லாங் வே' என்பர். அமெரிக்கர் பலர் பேச்சில் 'எ லாங் வேஸ்' என்று 'எஸ்' சேர்ப்பர். ஓரிடத்தில் விட்ட எழுத்தை மற்றோரிடத்தில் சேர்க்கும் மக்களை எழுத்தைத் தின்பவர் என்று எங்ஙனம் கூறுவது? வழக்கு, சொல்லுக்குச் சொல் தன் வழியே செல்கிறது. அதனை ஒரு மக்களின் குணமாக்கிக் காட்டுதல் ஆராய்ச்சி ஆகாது.

இரு வடிவங்களுக்கும் பொருள் வேறுபாடு கற்பிக்க முயன்றோரும் உளர். 1884 தொடங்கி 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதி, 'ஃபார்வர்ட்ஸ்' என்பது பிற திசைகளிலிருந்து பிரித்து ஒரு திசையைத் திட்டமாகச் சுட்டும் இடத்திற்கு உரியது என்று நுட்பமாக வேறுபடுத்திற்று. பின்னோக்கி அன்று, முன்னோக்கி என்று அழுத்திச் சொல்லுமிடம் அது. பொதுவாக முன்னேறுதலைக் குறிக்குமிடத்தில் 'ஃபார்வர்ட்' போதும். 'உங்கள் மறுமொழியை எதிர்நோக்குகிறோம்' என்று கடிதத்தில் எழுதும்போது ஆங்கிலேயரும் 'எஸ்' சேர்ப்பதில்லை. இவ்வேறுபாடு ஃபார்வர்ட் என்னும் சொல்லில் ஓரளவு நிற்கும். 'டுவர்ட்', 'டுவர்ட்ஸ்' என்பவற்றிலோ பொருள் வேறுபாடு இல்லை. இருக்கும் வேறுபாடு எழுதுபவரின் நாடு மட்டுமே.

திசையைக் குறிக்கும் சொல்லே அதனைச் சொல்பவரின் நாட்டையும் காட்டிக் கொடுக்கிறது. இது ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழில் கிழக்கு என்பது 'கீழ்' என்பதன் அடியாகவும், மேற்கு என்பது 'மேல்' என்பதன் அடியாகவும் பிறந்தவை. மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள நிலத்தில் மேடும் பள்ளமுமே திசைப்பெயர் ஆயின. மலையாளத்தில் மேற்குத் திசைக்குப் படிஞ்ஞாறு என்னும் பெயர் வழங்குகிறது. அது படுஞாயிறு, அதாவது மறையும் ஞாயிறு. கிழக்கிற்கு அங்கும் கிழக்கு என்பதே பெயர். ஆனால் கேரளத்தில் கிழக்கே இருப்பது பள்ளம் அன்று, மலை. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதனை எடுத்துக்காட்டி, மலைக்கு இப்பால் பிறந்த சொல் அப்பால் சென்று வழங்குகிறது என்று கருதினார். நிலம் மாறிய பின்னும் சொல் தன் பிறந்த நிலத்தின் சாய்வை மறக்கவில்லை. வேற்றுமை அமைப்புச் சிதைந்த பின்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் 'எஸ்' நிற்பது போன்றதே இதுவும்.

இடத்தையும் பக்கத்தையும் குறிக்கும் சொற்களும் வேற்றுமையும் நெருங்கிய உறவுடையவை என்பதையும் தமிழிலக்கணம் அறியும். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு உரியனவாகக் கண், கால், கீழ், மேல், முன், பின், வலம், இடம் முதலியவற்றை எண்ணுகிறார். நன்னூலார் அப்பட்டியலை 28ஆக விரித்து, திசை என்னும் சொல்லையே இடப்பொருள் உருபுகளுள் ஒன்றாக வைக்கிறார். தமிழில் இடத்தையும் திசையையும் சுட்டும் சொல் உருபின் பணியைச் செய்தது. ஆங்கிலத்தில் உருபு திசைச் சொல்லோடு ஒட்டி உறைந்துபோயிற்று.

திசைச்சொல் என்னும் தொடரே தமிழிலக்கணத்தில் ஆழ்ந்த பொருளுடையது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நான்காகப் பகுத்த தொல்காப்பியர், இந்நான்கும் செய்யுள் செய்தற்கு உரியன என்றார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்து மக்களும் தத்தம் குறிப்பில் வழங்குவன திசைச்சொற்கள். குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்றும், குடநாட்டார் தந்தையை அச்சன் என்றும், அருவாநாட்டார் சிறுகுளத்தைக் கேணி என்றும் வழங்குவர் என உரைகாரர் எடுத்துக்காட்டுவர். கேணி இன்று எவர்க்கு அயற்சொல்? சென்னையின் திருவல்லிக்கேணியைத் திசைச்சொல் கலந்த பெயர் என்று யாரும் ஒதுக்குவதில்லை. ஒரு காலத்தில் ஒரு நாட்டு வழக்காக இருந்தது பின்னர் எல்லாருக்கும் உரியதாயிற்று.

திசைச்சொல்லைப் பிழை என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. அதற்கு ஒரு பெயரிட்டார். அது வரும் நிலத்தைக் குறித்தார். செய்யுளில் இடம் தந்தார். பல நூற்றாண்டு கழித்து, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வட்டாரச் சொற்களை ஒதுக்காமல் அவை வட்டார வழக்கு எனக் குறிப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. கரிசல் நிலத்துச் சொற்களைத் தேடித் தொகுத்த கி. ராஜநாராயணன் சென்றதும் அவ்வழியே. இன்னது இன்ன இடத்து வழக்கு என்று குறித்தல் அறிஞர் செயல். தன் இடத்து வழக்கன்று என்பதனால் பிழை என்று அடித்தல் அறியாமையின் செயல்.

இக்குறை ஆங்கில வகுப்பில் மட்டும் நிகழ்வதாக எண்ணுதல் தவறு. 'வடக்கே போனான்' என்று ஓர் ஊரார் சொல்வதை 'வடக்காலே போனான்' என்று மற்றோர் ஊரார் சொல்வர். இங்கும் வேறுபாடு ஓர் ஈற்றில்தான். அப்பிள்ளை தமிழ்க் கட்டுரையில் அவ்வாறு எழுதினால் கொச்சை என்று கோடு விழுகிறது. பொது எழுத்து நடைக்கு உரிய வடிவம் வேறு என்று கற்பித்தல் ஆசிரியர் கடமை. அதனை யாரும் மறுக்கவியலாது. பல ஊரார்க்கும் பொதுவான ஒரு நடை வேண்டும். ஆனால் 'இது பொது நடைக்கு உரியதன்று, உன் ஊர் வழக்கு' என்று சொல்வதற்கும், 'இது தவறு' என்று சொல்வதற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. முன்னது பிள்ளைக்கு இரண்டாவது நடை ஒன்றைத் தருகிறது. பின்னது, தன் தாயும் பாட்டியும் பேசியது தவறு என்று அதன் உள்ளத்தில் பதிக்கிறது.

ஆங்கிலச் சொல்லுக்கும் அம்முறையே பொருந்தும். இந்தியப் பள்ளிகளின் வழக்கு 'டுவர்ட்ஸ்' என்று கற்பிக்கலாம். அமெரிக்க வழக்கு 'டுவர்ட்' என்று உடன் சொல்லலாம். ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் மற்றொன்றும் எழுதாமல், ஒன்றைத் தேர்ந்து இறுதிவரை கடைப்பிடிக்குமாறு வலியுறுத்தலாம். பெயரடையாக வரும்போது 'எஸ்' கூடாது என்னும் விதியைக் கண்டிப்பாகவே கற்பிக்கலாம்; அங்கே எழுதினால் அதுதான் பிழை. இவ்வளவையும் சொல்ல ஒரு வகுப்பில் ஐந்து மணித்துளி போதும்.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் பல ஊர்த் தமிழ் ஒலித்திருக்கும். ஒருவர் சொல்லைக் கேட்டு மற்றொருவர் வியந்ததும், பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டதும் நிகழ்ந்திருக்கும். அவ்வாறு கேட்டுத் தெரிந்துகொள்ளும் பண்பே இலக்கியம் பயில்வோர்க்கு முதல் தகுதி. அது விடைத்தாளைத் திருத்தும் கைக்கும் வேண்டும்.

தொடக்கத்தில் கண்ட வகுப்பறையில் அந்த மாணவி இன்னும் தாளை மடித்து வைத்தபடியே அமர்ந்திருக்கிறாள். அவளிடம் குறைத்த அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தருவதே முறை. சிவப்பு மையால் அடித்த இடத்தின் அருகே 'அமெரிக்க வழக்கு' என்று இரண்டே சொற்கள் எழுதினால், அவள் இழந்ததைவிட மிகுதியாகக் கற்றவள் ஆவாள்.